பாலம் விழுந்த வரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் எழுதும் எங்களிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஆபீசர் யாரு?" என்பதுதான். கேரளத்தில் எங்கள் ஊர் நகராட்சித் தலைவரின் உதவியாளர் பிரசன்னனும் போனில் அதையே கேட்டார்.

"ஆபீசரே கிடையாது சாரே."

தலைவர் திறந்துவைத்த பாலம் முதல் மழையிலேயே விழுந்தது. இரண்டு பத்திரிகைச் செய்திகளை ஆதாரமாகக் காட்டி, அவரைப் பற்றிய கட்டுரையில் அதை மலையாளத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தேன். காலையிலிருந்து பிரசன்னன் அதை அழிக்க, நான் மீட்க, மூன்று முறை ஆயிற்று. பிறகு நான் நிறுத்திவிட்டேன்.

"என்ன டீச்சரே, பயந்துட்டீங்களா?"

"ஒருத்தர் ஒரு நாளைக்கு மூணு தடவைதான் அப்படி மாத்தலாம். உங்களுக்கும் அதே சட்டம்தான்."

அவர் சிரித்துக்கொண்டே நான்காம் முறையும் அழித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், துபாயில் நர்ஸாக இருந்துகொண்டே எங்களோடு எழுதும் ஷைனி வரியைத் திரும்பப் போட்டுவிட்டாள். கண்ணூரிலிருந்து, கணக்குகளைப் பூட்டும் பொறுப்பிலுள்ள இன்னொரு தன்னார்வலர், சட்டத்தை மீறியதற்காகப் பிரசன்னனுடைய கணக்கைப் பூட்டினார்.

"யாரு இவங்கல்லாம்? உங்க ஆளுங்களா?"

"நான் நேர்ல பார்த்ததே இல்ல."

"அப்ப நான் யார்கிட்டதான் பேசறது?" குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்குப் பூட்டு திறந்துடும். கட்டுரையைப் பத்தி எல்லாரும் விவாதிக்கிற பேச்சுப் பக்கத்துக்கு வாங்க. பாலம் விழலைன்னு ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க. இல்லன்னா, அந்தப் பாலத்து மேலயே நடந்து வாங்க."