இன்ஜினை நிறுத்திய பிறகு

ஷோரூமுக்கு நான் போனது அது மூன்றாவது முறை. மூன்று முறையும் அந்த டை கட்டிய விற்பனையாளர் என் தோளுக்குப் பின்னால்தான் பார்த்தார்.

"சார் வண்டியைப் பார்க் பண்ணிட்டு வர்றாரா மேடம்?"

"எந்த சார்?"

"இல்ல, வண்டி ஓட்டப்போறவர்..."

"அவர்தான் உங்க முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கார்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் டையைச் சரிசெய்துகொண்டார். நானும் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக வண்டியிடம் போனேன்.

முப்பது வருடம் முன்னால் தயாரிப்பை நிறுத்திய வண்டி அது. செத்துப்போனது என்று எல்லோரும் மறந்த பிறகு, பழைய பெயரோடு புது உடம்பில் திரும்ப வந்திருக்கிறது. அதே வட்ட விளக்கு, அதே சதுர முதுகு, பின்கதவில் அதே ஸ்டெப்னி. முன்சக்கரத்தை ஒரு பாறை மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பாறை.

பத்து நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் மண்ணைச் சலிக்கும்போதும் ஃபோனில் அந்த வண்டிக்கு நிறம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. "காலை ஆட்டாதே, மேசை ஓடிப்போயிடும்" என்று அம்மா அதட்டினாள். கடைசியில் படத்தை அவளிடமே நீட்டினேன்.

அம்மா இருபத்து மூன்று வருடம் ரோட்டு வேலையில் ஜல்லி சுமந்தவள். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது ஓவர்சியர் வண்டிடி. இது சத்தம் தூரத்துல கேட்டாலே, உக்காந்திருக்கவங்க எல்லாம் எழுந்து கூடையைத் தூக்கணும். செத்துப்போச்சுன்னு நிம்மதியா இருந்தேனே."

"திரும்ப வந்திருக்கும்மா."

"பேய் மாதிரியா?"

"மேடு, பள்ளம், சேறு எல்லாத்துலயும் போகும்மா. இதுக்கு ரோடே வேணாம்."

அம்மா ஃபோனைக் கீழே வைத்தாள். "ரோடே வேணாமா? அப்போ இருபத்து மூணு வருஷம் நான் என்னத்தக் கிழிச்சேன்?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மண் பரிசோதனைக்கூடத்தில் இன்ஜினியர். அம்மா ரோடு போட்டாள். போட்ட ரோடு தாங்குமா என்று நான் சொல்கிறேன். தார் ஊற்றுவதற்கு முன்னால், கீழே உருட்டிய மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணில் ஒரு சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட வேண்டும். பிறகு ஒரு சிலிண்டரிலிருந்து உலர்ந்த மணலை அந்தக் குழிக்குள் விழவிட வேண்டும். எவ்வளவு மணல் பிடித்தது என்பதை வைத்துக் குழியின் அளவு தெரியும். அதிலிருந்து மண்ணின் இறுக்கம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வந்தால் பாஸ்.

இதில் தில்லுமுல்லுக்கு இடமே இல்லை என்று தோன்றும். இடம் இருக்கிறது. வேலை நடக்கும் இடம் என்றால் ரோடு இன்னும் வராத இடம். அங்கே போக அலுவலகத்தில் வண்டி கிடையாது. அதனால் ஒரு வழக்கம்: ஒப்பந்தக்காரரே வண்டி அனுப்புவார். யாருடைய வேலையைச் சோதிக்கப் போகிறோமோ அவருடைய வண்டியில், அவருடைய ஏசியில், அவர் வாங்கித்தந்த குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டே போவது. எங்கள் கூடத்து ஆண்கள் பத்து வருடமாக அப்படித்தான் போய் வருகிறார்கள். பத்து வருடமாக எல்லா ரோடும் பாஸ். ஃபெயில் போட்டது மழை மட்டும்தான்.

போன மாதம் முதல் தடவையாக என்னை அனுப்பினார்கள். ஆற்றங்கரையோரமாகப் புதிதாகப் போடும் ரோடு. டிரைவர் வண்டியை என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். இன்ஜினை அணைக்கவும் இல்லை. அது உறுமிக்கொண்டே இருக்க, "முடிஞ்சுதா மேடம், முடிஞ்சுதா மேடம்" என்று உயிரை எடுத்தார். கணக்குப் போட்டால் தொண்ணூற்று மூன்று. ஃபெயில் என்று எழுதினேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, "அவசர வேலை வந்துடுச்சு மேடம்" என்று என் சாமான்களைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பெரிய ரோட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். மணலைக் கொட்டிவிட்டு, சிலிண்டரை இடுப்பிலும் தராசைத் தோளிலும் வைத்துக்கொண்டு நடந்தேன். குதிகாலில் தோல் உரிந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். ஏழாவது கிலோமீட்டரில் வார்த்தைகள் தீர்ந்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ஈரச்சாக்கு. எங்கே பொறி தெரிந்தாலும் மேலே விழுந்து அணைத்துவிடுவார். பத்து நாளைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, முதல் தடவையே இப்படியா? அவங்க மறுபடி உருட்டிட்டாங்களாம். நீயே போய் இன்னொரு தடவை பாத்து, பாஸ் போட்டுட்டு வந்துடு. வண்டி அனுப்புவாங்க."

"அவங்க வண்டியில போகமாட்டேன் சார்."

"அப்புறம்? உங்கப்பன் வீட்டு வண்டியிலயா போவே?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய்ப்பழக்கம். ஆனால் அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஒரு சைக்கிள் பூட்டு. சைக்கிள் கூட இல்லை, பூட்டு மட்டும்.

"ரெண்டு வாரம் டைம் தரேன். இல்லன்னா வழக்கமா போற நம்ம கூடத்து மீசைக்காரர் போய்ட்டு வரட்டும். நீ இங்கயே சல்லடையோட இரு. பொம்பளப்புள்ளைக்கு அதுதான் சௌகரியம்."

அந்தச் சாயங்காலமே ஷோரூமுக்குப் போனேன். என் சம்பளத்துக்கு அந்த வண்டி யானை. ஏழு வருடத் தவணை. ஆனாலும் சல்லடையோடு இருப்பதா, யானையைக் கட்டித் தீனி போடுவதா என்று பார்த்தால், எனக்கு யானையே மேல் என்று தோன்றியது. அந்தக் கரை மேல் அவர்கள் வண்டிக்கு எதிரே என் வண்டி ஏறி வர வேண்டும். தொண்ணூற்று மூன்று என்று மறுபடியும் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது முறை போனது டெஸ்ட் டிரைவுக்கு. சிலிண்டர், தராசு, உளி, மணல் மூட்டை எல்லாவற்றையும் ஆட்டோவில் கொண்டுபோய் வண்டியின் பின்பக்கம் ஏற்றினேன். கூடவே அம்மா. "தூக்க ஆள் வேணாமா?" என்று அவளே கிளம்பிவிட்டாள்.

டைக்காரர் மிரண்டார். "மேடம், இதெல்லாம் என்ன?"

"பின்னாடி எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்க வேணாமா?"

"நம்ம ரூட்டு, அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு யூ டர்ன் மேடம்."

"காட்டுல ஓடுற வண்டின்னு கண்ணாடி முழுக்க எழுதி ஒட்டியிருக்கீங்க. பெட்ரோல் பங்க்ல என்ன காடு இருக்கு?"

மேனேஜருக்கு ஃபோன் போனது. மாதக் கடைசி. இன்னும் ஒரு வண்டி விற்றாக வேண்டும் போல. சரி என்றார்கள்.

நான்தான் ஓட்டினேன். தார் முடிந்த இடத்தில் டைக்காரர் ஒரு குமிழைத் திருப்பிக் காட்டினார். நான்கு சக்கரமும் இழுக்க ஆரம்பித்தன. போன மாதம் நான் நடந்த வழி அது. என் குதிகால் அதை அடையாளம் கண்டுகொண்டது. சேற்றுப் பள்ளத்தில் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கால் ஊன்றிப் பார்த்து, கரைமேட்டில் ஏறியது வண்டி.

"மெதுவாடி, உசுரு தொண்டையில நிக்குது" என்றாள் அம்மா. மேலே வந்ததும், "ஓவர்சியர் இம்புட்டு சொகமாவா வந்துக்கிட்டு இருந்தான்? படுபாவி" என்றாள்.

பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினேன். மண்ணை எடை போட்டேன். மணலை விட்டேன். தொண்ணூற்று நான்கு.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு ரோடு மோசம் என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஈரச்சாக்கின் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்துகொண்டே இரண்டாவது குழி தோண்டினேன். சிலிண்டரை வைத்து, வால்வைத் திறந்து, தகட்டின் மேல் கையை ஊன்றினேன்.

உள்ளங்கை அதிர்ந்தது.

தகட்டின் ஓரத்தில் சிந்தியிருந்த மணலைப் பார்த்தேன். பொடிப்பொடியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். நான்கு எட்டில் வண்டி. டைக்காரர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

மணல் தானாக விழ வேண்டும். அதிர்ந்தால் இறுகி உட்காரும். இறுகினால் குழி கூடுதல் மணலைக் குடிக்கும். குழி பெரியது போலவும் மண் இளகியது போலவும் கணக்கு காட்டும். நல்ல மண்ணும் ஃபெயிலாகும். இரண்டாம் ஆண்டுப் பாடம் இது. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

நேராக வண்டிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "நிறுத்துங்க."

"மேடம், வெளிய வெயில்..."

"இன்ஜினை நிறுத்திட்டு இறங்குங்க."

இறங்கினார். அதற்கப்புறம்தான் ஆறு ஓடும் சத்தமே கேட்டது.

புதிதாக ஒரு குழி. தொண்ணூற்றெட்டு. தள்ளி இன்னொன்று. தொண்ணூற்றெட்டு. நம்பாமல், முதல் குழிக்கு ஒட்டி மூன்றாவது. தொண்ணூற்றேழரை. அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டேன். எண்ணுக்கு என் கோபத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

"பாஸா?" என்றாள் அம்மா.

"பாஸ்."

"அப்போ அன்னிக்கு நீ ஃபெயில் போட்டது?"

அன்றைக்கும் பக்கத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "தெரியலம்மா. அதுக்கப்புறம் உருட்டிட்டோம்னு சொல்றாங்க."

"உருட்டினாங்களா, உருட்டினோம்னு சொன்னாங்களா?"

"அதுவும் தெரியல."

இனி யாருக்கும் தெரியாது. அன்று நான் சொன்னது சரியா தப்பா என்று சொல்ல அந்த மண் இப்போது இல்லை. இருந்தாலும் அதே மண்தானா என்று சொல்ல ஆள் இல்லை. பதினோரு கிலோமீட்டர் நடந்தது மட்டும் நிஜம். அதை வைத்து ஒரு ரிப்போர்ட்டும் எழுத முடியாது.

குழிகளை மூடிவிட்டு அங்கேயே நின்று ஈரச்சாக்குக்கு ஃபோன் போட்டேன்.

"பாஸ் சார். தொண்ணூத்தெட்டு."

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேனா இல்லையா? வீணா கோவப்பட்டே."

"இன்னொண்ணு சார். போன தடவை வண்டி பக்கத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் நிறுத்தச் சொல்லல. என் தப்பு. அந்தத் தொண்ணூத்து மூணை நம்ப முடியாதுன்னு எழுதித் தரேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்? பாஸ் ஆயிடுச்சுல்ல, விட்டுடேன்."

"எழுதித் தரேன் சார். இதுக்கு மேல போடற அடுத்த அடுக்கு மண்ணையும் நானேதான் பாப்பேன்."

"திங்கக்கிழமை. ஏழு மணிக்கு அவங்க வண்டி வரும்."

"வேணாம் சார்."

ஃபோனை வைத்தேன். காது சுட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்புன்னு நீயே ஏன்டி போய் வாயைக் கொடுக்கறே? அவன் ஊர் பூரா சொல்லுவான்."

"சொல்லட்டும்."

டைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "பாஸ்தானே மேடம்? அப்போ இந்த வண்டி உங்களுக்குத் தேவைப்படாதோ?"

பாவம், அவர் வாயாலேயே கேட்டுவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். நான் சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காக வாங்க நினைத்த வண்டி. ஆனால் இந்தத் தொண்ணூற்றெட்டை ஒப்பந்தக்காரர் வண்டியில் வந்து சொல்லியிருந்தால்? மணல் சொன்னதா, அவர் வண்டியின் சொகுசு சீட் சொன்னதா? ஊரை விடுங்கள், எனக்கே தெரிந்திருக்காது. ஃபெயில் போடுவதற்குச் சொந்த வண்டி வேண்டும் என்று நினைத்தேன். பாஸ் போடுவதற்குத்தான் அது இன்னும் அதிகம் வேண்டும்.

ஷோரூமில் டைக்காரர் புக்கிங் படிவத்தை எடுத்து வைத்தார். கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. பக்கத்தில் இன்ஜின் எதுவும் ஓடவில்லை.

"டெலிவரி எட்டு மாசம் ஆகும் மேடம். ரொம்ப டிமாண்டு."

"எட்டு மாசமா?" என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு சேத்தா புள்ளையே பொறந்துடும்."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். காலடியில் சிலிண்டர், தராசு, பாதி காலியான மணல் மூட்டை. என் கால் மறுபடியும் ஆடத் தொடங்கியிருந்தது.

"திங்கக்கிழமை எப்படிடி போவே?"

"ஆறு மணி பஸ். அப்புறம் நடை."

"பதினோரு கிலோமீட்டரா?"

"ஆமா."

அம்மா குனிந்து சிலிண்டரை இடுப்பில் தூக்கி வைத்துப் பார்த்தாள். ஜல்லிக்கூடையோடு ஒப்பிடுகிறாள் என்று தெரிந்தது.

"இதை நான் தூக்கறேன்" என்றாள். "மணலை நீ தூக்கு. வயசுல சின்னவ நீதானே."