காது கோவிந்தசாமியும் சத்தமில்லாத மோட்டாரும்

கடலூர் துறைமுகத்தில் என்னைக் காது கோவிந்தசாமி என்பார்கள். காது ஒன்றும் பெரியதில்லை, எல்லோருக்கும் இருப்பதுதான். ஓடுகிற டீசல் எஞ்சின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பேன். பிறகு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பேன். பிரித்துப் பார்த்தால் அதுதான் இருக்கும். முப்பது வருடமாக என் பிழைப்பும் பெருமையும் இந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

அதில் ஒரு சின்னச் சிக்கல். ஆறு வருடமாக எனக்குக் காது கேட்பதில்லை.

உடனே செவிடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். சத்தமில்லாத இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நன்றாகவே கேட்கும். எஞ்சின் ஓடுகிற இடத்தில் மட்டும் ஒன்றும் கேட்காது. என் பிழைப்பு முழுக்க எஞ்சின் ஓடுகிற இடத்தில் இருப்பது என் தலையெழுத்து. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போய்க் காட்டினேன். கடலூரில் டாக்டர் இல்லாமல் இல்லை. இங்கே போனால் சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் நடராஜரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். சாட்சிக்கு ஒரு திருநீற்றுப் பொட்டலம் வாங்கிவந்து மனைவி புஷ்பவள்ளியிடம் கொடுத்தேன். அவளும் பயபக்தியோடு பூசிக்கொண்டாள். டாக்டர், காதில் மாட்டுகிற மெஷின் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். காதில் மெஷின் மாட்டியவனிடம் எவன் எஞ்சின் கொண்டுவருவான்?

பிறகு எப்படிக் கோளாறு கண்டுபிடிக்கிறேன் என்றால், கையால். எல்லோரும் என் காதையும் ஸ்க்ரூ டிரைவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் இடது கை, சும்மா தாங்கலுக்கு வைத்ததுபோல், எஞ்சின் மேல் இருக்கும். தேய்ந்த பேரிங் என்றால் உள்ளங்கையில் பொடிப்பொடியாக நடுங்கும். லூசான போல்ட் விட்டுவிட்டுத் தட்டும். கண்ணை மூடுவதும் புருவத்தை நெரிப்பதும் பார்க்கிறவர்களுக்காக.

பயமெல்லாம் அன்பரசுவை நினைத்துத்தான். அடுத்த பட்டறைக் கொட்டாய்க்காரன், என்னைவிட ஐந்து வயது சின்னவன், அவனும் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்கிற மெக்கானிக். என் காது விஷயம் அவனுக்குத் தெரிந்தால் என் கொட்டாய்க்கு வருகிற படகெல்லாம் அவன் வாசலில் நிற்கும். இத்தனைக்கும் புஷ்பவள்ளிக்கும் அவன் மனைவி ஸ்ரீமதிக்கும் நல்ல பழக்கம். மத்தியானம் சோறு கொண்டுவந்தால் கொட்டாய்க்குப் பின்னால் இருக்கிற பலகையில் சேர்ந்து உட்கார்ந்து, நாங்கள் வேலை முடிக்கிறவரை பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு எனக்குக் கேட்காது. டிவி நாடகக் கதையாக இருக்கும் என்று விட்டுவிடுவேன்.

இந்த நேரத்தில்தான் சுஹைப் வந்து சேர்ந்தான். பரங்கிப்பேட்டைப் பையன், முப்பத்தைந்து வயது, துபாயில் பாய்மரப் படகுகள் நிறுத்துகிற துறையில் பத்து வருடம் வேலை பார்த்தவன். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பாய்ப் படகை வாங்கி, எங்கள் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்தான். பரங்கிப்பேட்டையில் ஆற்றுக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பறவை காட்டுவது அவன் திட்டம். டீசல் எஞ்சினை முடுக்கினால் பறவை இருக்குமா? அதனால், அந்த வெள்ளைக்காரருக்கு நான் இரண்டு தடவை பிரித்துப் பூட்டிக் கொடுத்த அருமையான எஞ்சினைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கரண்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்துவிட்டான். மோட்டாரையும் புரொபெல்லர் ஷாஃப்டையும் இணைக்கிற கப்ளிங் வேலையை அன்பரசுவிடம் கொடுத்தான். என்னிடம் கொடுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

எரிச்சலை மனசில் வைத்துக்கொண்டு, மோட்டாரை முதலில் ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு நானும் போய் நின்றேன். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். சுஹைப் சாவியைத் திருகினான். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. "மாமா, நீங்க காது வச்சுப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கண்ணை மூடினேன். உள்ளங்கையில் ஒன்றுமே வரவில்லை. கரண்டு மோட்டார் இவ்வளவு மெதுவாகத்தான் ஓடும்போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனசு வருமா?

"பேரிங்ல லேசா அரவம் இருக்குது. ஆனா ஓடும்" என்றேன்.

சுஹைப் தலையைச் சொறிந்தான். "மாமா, மோட்டாரு இன்னும் ஓடவே இல்லியே. சாவி மட்டுந்தான் போட்டிருக்கேன். கைப்பிடியத் தள்ளுனாத்தான் சுத்தும்."

டீசல் எஞ்சின் என்றால் சாவி போட்ட உடனே தடதடவென்று உட்கார்ந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த மோட்டார் வேலை இல்லையென்றால் சும்மா இருக்குமாம். முப்பது வருட டீசல்காரனுக்கு இது எப்படித் தெரியும்? "ஓடுனப்புறம் வரப்போற சத்தத்தத்தான் சொன்னேன்" என்று சமாளித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. எனக்கு அடுத்து வைத்துப் பார்க்கத் தன் ஸ்க்ரூ டிரைவரைத் தயாராகப் பிடித்திருந்த அன்பரசு, அதை மெதுவாகப் பைக்குள் செருகிக்கொண்டு, எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தான். அந்த வாரம் முழுக்க டீக்கடையில், ஓடாத எஞ்சின் இருந்தால் கோவிந்தசாமியிடம் கொண்டுபோ என்று கேலி நடந்தது. இரண்டு படகுக்காரர்கள் நிஜமாகவே அன்பரசு கொட்டாய்க்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் படகைக் கடல் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோக சுஹைப் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். அன்பரசு கப்ளிங் போட்டவன், அதனால் வந்தான். நான் போன மானத்தை மீட்க வந்தேன். வழியில் அந்த மோட்டார் நின்றுபோக வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பாடலீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டுதான் ஏறினேன்.

தை மாதம், வாடைக்காற்று நன்றாக வீசியது. துறைமுக வாய் வரைக்கும் மோட்டாரில் போனோம். சத்தமே இல்லை. தண்ணீர் படகில் உரசுவது எனக்கே கேட்டது. சுஹைப் சாதாரணக் குரலில் பேசுவதும் கேட்டது. ஓடுகிற படகில் ஒருவர் பேசுவதை நான் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. கடலுக்குள் வந்ததும் பாயை ஏற்றி மோட்டாரை நிறுத்தினான். நிறுத்திவிட்டு ஒரு வித்தை சொன்னான். பாய் படகை இழுக்கும்போது தண்ணீர் புரொபெல்லரைச் சுழற்றுமாம், அது மோட்டாரைச் சுழற்றுமாம், பேட்டரியில் சார்ஜ் ஏறுமாம். திரையைப் பார்த்தால் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. டீசலில் ஓடுகிற எந்தப் படகாவது ஓட ஓட டாங்க்கில் டீசல் ஏற்றியதுண்டா? எனக்கு இன்னும் எரிச்சலானது. கோபித்துக்கொண்டு உள்ளே போய், ஷாஃப்ட் போகிற இடத்தை மூடியிருந்த பலகையில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்து, பரங்கிப்பேட்டைக் கலங்கரை விளக்கம் தெரிகிற சமயம், உள்ளங்கையில் ஒரு தட்டு வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. சற்று நேரத்தில் அது பலமாயிற்று. கப்ளிங் போல்ட் கழன்றுகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே வந்து சொன்னேன். சுஹைப் சிரித்துவிட்டான். "மாமா, மோட்டாரு ஆஃப்ல இருக்குது. மறுபடியுமா?"

தண்ணீரே ஷாஃப்டைச் சுழற்றுகிறது என்று நீதானே சொன்னாய் என்றேன். அவனுக்கு ஒரு நொடி யோசனை வந்தது. ஆனால் கப்ளிங் போட்டவன் அன்பரசு, அதனால் அவனைப் பார்க்கச் சொன்னான். அன்பரசு உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரைப் பலகையில் வைத்து, கண்ணை மூடி, முழு ஒரு நிமிடம் நின்றான். "கிளீனா இருக்குது. ஒரு சத்தமும் இல்ல" என்று தீர்ப்பு சொன்னான். சுஹைப் நிம்மதியாகப் பாயை இறக்கத் தயாரானான்.

எதிரே வெள்ளாற்று முகத்துவாரம். மணல்மேட்டில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன வழியில் பாயை நம்பிப் போக முடியாது, மோட்டாரில்தான் நுழைய வேண்டும். நடு வழியில் கப்ளிங் கழன்றால் படகு பக்கவாட்டில் திரும்பும், அலை புரட்டிவிடும். காலையில் நான் சாமியிடம் கேட்டதும் இதைத்தான். கேட்டது இவ்வளவு அப்படியே கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் காதை இனி யாரும் நம்பப் போவதில்லை. ஓடாத மோட்டாரில் சத்தம் கேட்டவன் நான். நம்பவைக்க எனக்கு வேறு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் சொன்னால் என் பெயரும் போகும், கொட்டாயும் போகும். அதைக் கேட்கிற இரண்டு பேரில் ஒருவன் அன்பரசு. பெற்ற பிள்ளை வயசில் சுஹைப் எதிரே நின்றான்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது" என்றேன். "ஆறு வருசமா கேக்கல. காதுல வச்சுப் பாக்கிறதெல்லாம் நடிப்பு. என் கைதான் கேக்குது. கை இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. நீயே வந்து ஒரு தடவ தொட்டுப் பாரு."

சுஹைப் என் முகத்தைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சுக்கானை அன்பரசு கையில் கொடுத்துவிட்டு உள்ளே குனிந்தான். நான் அவன் கையைப் பிடித்துப் பலகையில் வைக்கப் போனேன்.

"கைய வக்கவே வேணாம் மாமா. டொக்கு டொக்குன்னு காதுலியே கேக்குதே" என்றான்.

பலகையைத் தூக்கினோம். நான்கு போல்ட்டில் ஒன்று கழன்று கீழே அழுக்குத் தண்ணீரில் கிடந்தது. இன்னொன்று பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. கழலாத நட்டு போட வேண்டிய இடத்தில் சாதா நட்டு. படகை முகத்துவாரத்துக்கு வெளியே காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தி, விழுந்ததைத் தேடி எடுத்து, நான்கையும் இறுக்கினேன். கால் மணி நேர வேலை. நிமிர்ந்தபோது சுஹைப் அன்பரசுவையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்பரசு தூரத்தில் கிள்ளைப் பக்கத்துச் சுரபுன்னைக் காட்டை, அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மோட்டாரில் முகத்துவாரத்தைத் தாண்டி ஆற்றுக்குள் வந்தோம். அலைச் சத்தம் அடங்கியது. அன்பரசு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, நீங்க டாக்டரப் பாத்தது சிதம்பரத்துலியா?"

ஆமாம் என்றேன்.

"வெள்ளிக்கெழமையா போனீங்க? நானும் அங்கதான், செவ்வாக்கெழம போனேன். எனக்கு எட்டு வருசமா கேக்கலண்ணே."

அவன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது, என் குரல் அவனுக்கும் கேட்டது. இருபது வருடம் பக்கத்துப் பக்கத்துக் கொட்டாயில் இருந்தோம். எஞ்சின் சத்தமில்லாத இடத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. இவன் காதுக்கா ஆறு வருடம் பயந்து செத்தேன் என்று முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்று கேட்டேன். நடராஜர்தான் என்றான்.

சுஹைப்பிடம் இதை வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டோம். அவன் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு. இனிமேல் அவன் படகை இரண்டு பேரும் கையால் மட்டும் பார்க்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற வேலை கூடாது. பி.முட்லூரில் கடலூர் பஸ் ஏறினோம். பஸ் இரைச்சலில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது என்பதால் பேசாமலே வந்தோம். இறங்கும்போது, இரண்டு காதுக்காரர்களும் செவிடு என்பது துறைமுகத்துக்குத் தெரியவே கூடாது என்று கையடித்துச் சத்தியம் செய்துகொண்டோம்.

ஆனால் புஷ்பவள்ளியிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆறு வருடம் மறைத்தது போதும் என்று தோன்றியது. அவள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து, எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் கீரையை நிறுத்தவில்லை.

"கோயிலுக்குப் போன ஆளு சட்டப் பையில காது டாக்டரு டோக்கனு எப்படிங்க வரும்? தொவைக்கறப்பவே பாத்துட்டேன். அன்பரசு சட்டையிலயும் அதே டோக்கனு இருந்துச்சாம், ஸ்ரீமதி சொன்னா. தெனமும் மத்தியானம் ஒங்க முதுகுக்குப் பின்னால உக்காந்து நாங்க ரெண்டு பேரும் அதத்தானே பேசிச் சிரிச்சிக்கிட்டு இருக்கோம்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. துறைமுகத்தில் பத்துப் பேர் வந்துபோகிற இடம், ரகசியமாகவாவது பேசினீர்களா என்று கேட்டேன்.

"எங்க ரகசியமாப் பேசறது?" என்றாள். "எஞ்சின் ஓடுதில்ல, கத்தித்தான் பேசணும்."