ஐந்தாவது மூலை

1911இல் இலங்கையில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் தற்காலிக நில அளவைக்காரன். பக்கத்துத் தோட்டத்தோடு உள்ள எல்லைக்குப் படம் வரைந்து கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று துரை சொல்லியிருந்தார். நிலத்துக்கு ஐந்து மூலை. நான்கில் கருவியை நிறுத்திக் கோணம் எடுத்தேன்: 112, 98, 105, 110. ஐந்தாவது மூலை குளவிக் கூடு தொங்கும் பாறைமேல் இருந்தது.

எனக்குக் குளவி என்றால் உயிரே போய்விடும். படித்தவன் அதை வெளியே சொல்லலாமா? கணிதத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஐங்கோணத்தின் உள்கோணங்கள் சேர்ந்தால் 540 பாகை. நான்கும் சேர்ந்து 425. தெரியாத கோணம் க என்றால், க + 425 = 540; க = 115. நிழலில் வெற்றிலை போட்டபடியே பாறையை அளந்துவிட்டேன். வரையும்போது கடைசிக் கோடு வந்து சேரவில்லை. பென்சிலைக் கொஞ்சம் அழுத்திச் சேர்த்துவைத்தேன். கோணங்களைக் கூட்டிப் பார்த்த துரை என் முதுகில் தட்டினார். நானும் கூச்சமே இல்லாமல் நின்றேன்.

மறுநாள் படத்தின்படி எல்லை முளை அடித்தோம். கொழுந்து பறிக்கும் வேலாயி கூடையோடு வந்து நின்றாள். அவள் காட்டிய இடத்தில் பீலி என்ற தண்ணீர்க் குழாய் வழியாக மலை ஊற்று கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்கய்யா, பீலி முளைக்கு அங்கிட்டுப் போயிருச்சே. லயத்து வீடுகள்ல நாப்பது குடும்பம் இந்தத் தண்ணியத்தான குடிக்கிறோம்."

"கணக்கு அப்படித்தாம்மா வந்திருக்கு" என்று ஐந்து கோணத்தையும் 540ஐயும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நாலு பேரு கொழுந்த நிறுத்துட்டு, மொத்தத்துல கழிச்சு அஞ்சாவது ஆளுக்கு எழுதுனா மொத்தம் எப்பவும் சரியாத்தாங்க வரும். நடுவுல ஒரு நிறுவை தப்பாயிருந்தா யாருக்குத் தெரியும்?"

540 வந்தது என் திறமையால் அல்ல. வேறு எதுவும் வர வழியே இல்லை.

பாறையில் ஏறினேன். குளவி மூன்று இடத்தில் கொட்டியது. கோணம் 106தான். ஒன்பது பாகை உதைத்தது. முதல் மூலைக்கு ஓடி மறுபடி பார்த்தால் 121. நான் இலக்கங்களை இடம் மாற்றி 112 என்று எழுதியிருந்தேன்.

அன்று மாலை பக்கத்துத் தோட்டத்துத் துரை படத்தில் கையெழுத்துப் போட வருகிறார். போட்டுவிட்டால் பீலி அவருடையது. நான் வாயைத் திறக்காவிட்டால் வேலை என்னுடையது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பங்களா வாசலில் கால் மணி நேரம் யோசித்தேன்.

பிறகு வீங்கிய முகத்தோடு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் துரை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாறைக்குப் போகாம 115 எங்கருந்து வந்துச்சு?"

"பயத்துலருந்து வந்துச்சுங்க, துரை."

புதுப் படத்தில் பீலி எல்லைக்கு உள்ளே வந்தது. நான் வெளியே போனேன்.