பன்னிரண்டாம் குப்பி

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் முதலில் சொறிய ஆரம்பித்தவர் துணை இயக்குநர். கூட்டத்தின் நடுவே, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பேனா மூடியால் சொறிந்தார். அடுத்த வாரம் மேலாளர். பிறகு விஞ்ஞானிகள் மூன்று பேர். இருபதே நாளில் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

சிரங்குப் பூச்சிதான் எங்கள் பிழைப்பு. முந்நூறு நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த பூச்சிகளின் மரபணுவைப் படித்து, எது எதற்குப் பங்காளி, எது ஒன்றுவிட்ட சொந்தம், எது எந்தக் காலத்தில் தனிக்குடித்தனம் போனது என்று வம்ச மரம் போட்டு வைத்திருக்கிறோம். அப்பேர்ப்பட்ட இடத்துக்கே அரிப்பு வந்தால் மானம் போகிற விஷயம்தானே.

இயக்குநர் குற்றவாளியைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. துப்புரவு வேலை செய்யும் பெண்ணின் கையைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "இதோ, கிடைச்சாச்சு" என்றார். விசாரணைக் குழு கூடி முடிவெடுக்கும் வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று அன்று மதியமே ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள்.

அவள் என் கூடப்பிறந்த அக்கா.

இது அங்கே யாருக்கும் தெரியாது. ஆய்வக உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். நான் சேர்ந்த அன்று காலை, "உள்ள போயிட்டா நீ யாரோ, நான் யாரோ. கூட்டறவ தங்கச்சின்னு தெரிஞ்சா உன் கையிலயும் தொடப்பத்தைக் குடுத்துருவாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் மாலை என் மேசையடிக்கு வந்து குப்பைத்தொட்டியை எடுத்துக்கொண்டு போவாள். நான் மாட்டிக் கழற்றிப் போட்ட கையுறைகள் அதில் ஒரு பத்து ஜோடியாவது கிடக்கும்.

அன்று வீட்டில், "அரிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"அரிக்கல, எரியுது. பிளீச்சிங் தண்ணியில நாள் பூரா கையை முக்கினா எரியாம குளிருமா? கிளவுஸ் கேட்டு மூணு வருஷமாச்சு. ஸ்டாக் இல்ல, ஸ்டாக் இல்லன்னே ஓட்டறாங்க." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேலை போனாக்கூடப் பரவால்லடி. சொறி பிடிச்சவன்னு பேர் கட்டி அனுப்பினா, வேற எந்த ஆபீஸ்ல என்னை வாசப்படி ஏற விடுவாங்க?"

தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து அவள் கையில் தடவினேன்.

மறுநாள் இயக்குநர் உத்தரவு போட்டார். அரிப்புள்ள பத்துப் பேரின் தோலையும், அந்தப் பெண்ணின் தோலையும் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லார் பூச்சியும் அவள் பூச்சியின் வம்சம் என்று மரபணுவை வைத்தே நிரூபித்துவிட வேண்டும். அவருடைய புகழ்பெற்ற விதி வழக்கம்போல இதற்கும் உண்டு: குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அரக்கு வைத்த உறையில் இருக்கும். உறையைக் குழுவின் முன்னால்தான் பிரிக்க வேண்டும். "விஞ்ஞானத்துக்கு ஆள் முகம் தெரியக் கூடாது" என்பார். ஆளை முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்பது வேறு விஷயம்.

சுரண்டுவதும், பட்டியலை எழுதி உறையில் போட்டு அரக்கு வைப்பதும் என் வேலை. தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கத்தி முனையால் மெல்ல வழித்துக் குப்பியில் சேர்ப்பேன். பத்துப் பேரில் கடைசியாக இயக்குநரின் முறை. அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். வயிறு முழுக்கச் செந்தடிப்பு. "வேர்க்குரு" என்றார். நானும் வேர்க்குரு என்றே வைத்துக்கொண்டு வழித்தேன்.

அப்போது பின்னால் சோபாவில் பரபரவென்று ஒரு சத்தம். இயக்குநரின் நாய் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

அந்த நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சடைமுடியும் உயர்ந்த குலமும் கொண்ட அது தினமும் அவருடனேயே காரில் வந்து இறங்கும். நாங்கள் எங்களுக்குள் வைத்திருந்த பெயர் இளைய இயக்குநர். அவர் அறைக்குள் போகிறவர்கள் அதைக் கொஞ்சிவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். விடுப்புக் கடிதம் என்றால் தலையைத் தடவினால் போதும். புதுக் கருவி வேண்டுமென்றால் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். பதவி உயர்வு கேட்பவர் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். துணை இயக்குநர் வாராந்தரக் கூட்டம் முழுவதும் அதை மடியிலிருந்து இறக்கியதே இல்லை. நான் ஒருத்திதான் தொட்டதில்லை. தன்மானம் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு நாய் என்றால் பயம்.

சொறிகிற பத்துப் பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். அதிகம் கொஞ்சியவருக்கு அதிக அரிப்பு. பெட்டியில் பன்னிரண்டு குழிகள், குப்பிகள் பதினொன்று. இயக்குநர் முகம் கழுவப் போன நேரத்தில், பயத்தை விழுங்கிக்கொண்டு, நாயின் காதோரம் ஒரு வழி வழித்தேன். அது என் கையை நக்கியது. அந்த நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. ஐந்து குப்பிகளில்தான் பூச்சி கிடைத்தது. ஐந்தும் ஒரே குடும்பம். எங்கள் முந்நூறு பூச்சிகளில் ஒன்றோடுகூட ஒட்டாமல், மரத்தில் எங்கோ தள்ளித் தனிக் கிளையாக நின்றன.

இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. "புது வகை! இதுவரைக்கும் மனுஷன் கண்ணுல படாத வகை! அந்தப் பொம்பள குடியிருக்கிற பேட்டையிலதான் இது உருவாயிருக்கணும்." அதற்குத் தன் பெயரையே வைப்பதென்றும் முடிவு செய்துவிட்டார்.

ஒட்டாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் அட்டவணையில் முன்பு நாய்ப் பூச்சிகளும் இருந்தன. "மனுஷங்களைப் பத்தின ஆராய்ச்சியில நாய்க்கு என்ன வேலை?" என்று இரண்டு மாதம் முன்பு அவர்தான் அழிக்கச் சொன்னார். சொன்னபோது நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. பழைய பிரதியிலிருந்து நான் அவற்றை மறுபடி சேர்த்துப் பார்த்தேன். புது வகை ஐந்தும் சமர்த்தாக நாய்ப் பூச்சிகளின் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டன.

தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். "சார், இதை ஒரு தடவை..."

"நீ பூச்சியைப் பிடிச்சுக் குடும்மா. யோசிக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்."

சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

குழு கூடிய அன்று அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம், கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நானும் சொல்லவில்லை.

இயக்குநர் அரை மணி நேரம் தன் பெயர் கொண்ட பூச்சியின் பெருமையைப் பேசினார். பிறகு அரக்கை உடைத்தார். "பூச்சி கிடைத்த குப்பிகள் இரண்டு, ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு" என்று முன்னுரை சொல்லிவிட்டு, பட்டியலைக் கம்பீரமாக வாசித்தார். "இரண்டு, துணை இயக்குநர். ஐந்து, மேலாளர். ஏழு, மூத்த விஞ்ஞானி. பத்து..." நிறுத்தினார். அது அவரே. "ஹூம். பன்னிரண்டு: இயக்குநர் அறை, சோபா, நாய், இடது காது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. துணை இயக்குநர் மடியிலிருந்ததை மெல்லத் தரையில் இறக்கினார். அது மறுபடி ஏறப் பார்த்தது.

குழுவின் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தம்மாவோடது எந்த நம்பர்?"

"பதினொண்ணு மேடம்" என்றேன் நான். "அதுல ஒரு பூச்சியும் இல்ல. கை வெடிச்சிருக்கிறது பிளீச்சிங் பவுடரால. இது புது வகையும் இல்ல, நாய்ப் பூச்சி." நான் போட்ட மரத்தை நீட்டினேன்.

"நாயைச் சுரண்டணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"அவங்க என் கூடப்பிறந்த அக்கா, மேடம். அதனால தேடினேன்."

அக்கா என்னை முறைத்தாள். கெட்டுப்போச்சு எல்லாம் என்ற முறைப்பு.

ஒன்றும் கெடவில்லை. இயக்குநர் மூன்றே நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டார். அலுவலகத்தில் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது எவ்வளவு அபூர்வமான கண்டுபிடிப்பு என்று ஆரம்பித்தார். முதலிலிருந்தே தனக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாம். எல்லாரும் ஒரு கையால் சொறிந்தபடியே தலையாட்டினார்கள். கட்டுரைக்கு இப்போதே தலைப்பு தயார். அதில் நாய்க்கு நன்றி சொல்லப்படும் என்று கேள்வி.

அக்காவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தில் வருத்தம் என்ற சொல் எங்கேயும் இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் புதிதாக இருந்தது: நாய்க்கு வாரம் இருமுறை மருந்து பூசும் பொறுப்பும் இனி அவளுடையது.

முதல் நாள் மாலை அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் புத்தம் புதிய கையுறைப் பெட்டி. "நாய்க்கு மருந்து போடணும்னதும் அரை மணியில ஸ்டாக் வந்துருச்சுடி" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அவள் பார்வை என் மேசைமேல் போனது. "உங்கிட்ட எப்பவும் ரெண்டு பெட்டி இருக்கும் இல்ல?" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மேசையைத் துடைக்கிறவளுக்கு மேசையில் இருப்பது தெரியாதா?

"இருக்கும்" என்றேன். மூன்று வருஷம், கையெட்டும் தூரம். கேட்டால் எனக்குச் சங்கடம் என்று அவள் கேட்கவில்லை. கொடுத்தால் உறவு தெரிந்துவிடும் என்று நான் கொடுக்கவில்லை.

அவள் நாய்க்கு வந்த பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை உருவி மாட்டிக்கொண்டு, குனிந்து என் குப்பைத்தொட்டியை எடுத்தாள்.