டீ டப்பாவோடு பெண் பார்க்க வந்தவர்

பெண் பார்க்க வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுவருவார்கள். அரியலூரிலிருந்து வந்த வேணுகோபால் பூவும் பழமும் போக, தான் குடிப்பதற்கான டீயையும் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு கண்ணாடிக் கோப்பை, தண்ணீரின் சூட்டைப் பார்க்கப் பேனா மாதிரி ஒரு கருவி. மூன்றையும் துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து டீப்பாயின்மேல் வைத்தார். ஏதோ சீர்ப்பொருள் என்று நினைத்து ராசாங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

ராசாங்கம் எறையூர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். ஒரே மகள் தமிழ்மொழி, பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். வயது இருபத்தொன்பது. அந்த வயதை யாரிடமாவது சொல்ல நேரும்போதெல்லாம் ராசாங்கத்தின் குரல் தானாக இறங்கிவிடும். ஐந்தாறு இடம் வந்து தட்டிப்போன பிறகு வந்த இடம் இது. பையன் அரவிந்தன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் அப்பா வேணுகோபால் அரசாங்க உத்தியோகத்தில் கடைசி ஆறு வருடம் குன்னூரில் இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூரில் அவர் பார்த்தது ஃபைல்களைத்தான். ஆனால் அங்கிருந்த டீச்செடிகளை எல்லாம் தானே பதியம் போட்டு வளர்த்துவிட்டு வந்தவர்போலப் பேசுவார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை. ராசாங்கத்தின் மனைவி வேம்பு, கேசரி, வடை, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் வைத்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பால் டீயை நான்கு டம்ளரில் கொண்டுவந்தாள். வேணுகோபால் தன் டம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நான் டஸ்ட் டீ தொடறதில்ல. ஃபேக்டரியில கடைசியா கீழ விழுந்ததக் கூட்டி அள்ளுறாங்க பாருங்க, அதுதான் டஸ்ட்டு. நீங்க குடிக்கிறதெல்லாம் அந்தக் குப்பையத்தான்.”

வேம்பு அந்தக் குப்பையை முப்பது வருடத்துக்கு மேலாகக் குடித்துவருகிறவள். தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“பரவால்ல சார், வேற போட்டுக் குடுக்கச் சொல்லுவோம்” என்றார் ராசாங்கம்.

“வேற என்ன, நானே கொண்டாந்திருக்கேன். இது முழு இலை. குன்னூர்ல எனக்குன்னு ஒருத்தர் தனியா எடுத்து வைப்பாரு. வெலையச் சொன்னா பயந்துருவீங்க.” டப்பாவை வேம்புவிடம் நீட்டினார். “தண்ணி எண்பத்தஞ்சு டிகிரி. கொதிக்க வுடக் கூடாது. மூணே நிமிஷம். மூணுக்கு மேல போனா இலை செத்துப்போயிடும்.”

அவர் பக்கத்தில் அவர் மனைவி பச்சையம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. அரவிந்தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளறையில் புடவை கட்டித் தயாராக இருந்த தமிழ்மொழிக்கு எல்லாம் கேட்டது. அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் இலை டீ புதிதல்ல. திருச்சியில் ஆராய்ச்சி செய்தபோது விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த பெண் கோத்தகிரிக்காரி. சொந்தமாக ஒன்றரை ஏக்கர் டீ வைத்திருக்கிற குடும்பம். அப்போது பிடித்த பழக்கம். இப்போதும் மாதம் ஒரு பொட்டலம் அங்கிருந்து பார்சலில் வருகிறது. விடிந்ததும் நசுங்கிய எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொதிக்கும். ஒரு கை இலை போட்டு, அடுப்பை அணைத்து, சாதத் தட்டால் மூடிவிட்டுக் குளிக்கத் துண்டெடுக்கப் போவாள். திரும்பி வரும்போது டீ தயார். வடிகட்டி, ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, வாசலில் நின்று கரும்பு லாரிகளைப் பார்த்தபடி குடிப்பாள். அதே இலையில் சாயங்காலம் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றுவாள். இரண்டாம் தண்ணீர்தான் அவளுக்கு இன்னும் பிடிக்கும்.

சமையலுக்கும் அது போகும். முட்டையை வேகவைத்து, ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விட்டு, உப்பும் பட்டையும் போட்ட டீத் தண்ணீரில் மறுபடி கொதிக்க வைப்பாள். உரித்தால் முட்டைமேல் கோடுகோடாகப் பழுப்பு ஓடியிருக்கும். அன்றைய கொண்டைக்கடலையும் அப்படித்தான், இரண்டு சிட்டிகை இலையைத் துணியில் முடிந்து குக்கருக்குள் போட்டு வேகவைத்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் வித்தையாகச் சொன்னதில்லை. வேம்பு அந்தக் கறுப்பு டீயை வாயில் வைக்கமாட்டாள். “கஷாயம்” என்பாள். மகளும் விட்டுவிட்டாள்.

வேம்பு முதல் தடவை கொண்டுபோன கோப்பையில் வேணுகோபால் கருவியை விட்டுப் பார்த்தார்.

“தொண்ணூத்தி நாலு. நான் என்ன சொன்னேன்?”

ராசாங்கம் சிரித்தார். வேம்பு திரும்பி வந்தாள். இரண்டாவது தடவை சூடு சரியாக இருந்தது, ஆனால் நிறத்தைப் பார்த்தே அவர் தலையாட்டினார்.

“நாலு நிமிஷம் வுட்டுட்டீங்க. செகப்பாயிடுச்சு பாருங்க. கடியாரம் இல்லையா அடுப்படியில?”

அதற்கும் ராசாங்கம் சிரித்தார். சிரிப்பைத் தவிர அன்றைக்கு அவர் வேறெதையும் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. காத்திருக்கிற நேரத்தில் வேணுகோபால் சுண்டல் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். “என்னங்க இது, அடி புடிச்ச கடல மாதிரி கருகருன்னு இருக்கு?” பிறகு ஒன்றை மட்டும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, தொடர்ந்து கிண்ணம் முழுவதையும் தின்றார்.

அடுப்படியில் வேம்பு மூன்றாவது தடவையாகத் தண்ணீர் வைக்கப் போனாள். தமிழ்மொழி எழுந்து வந்தாள்.

“நீ வெளியில தலைய நீட்டாத பாப்பா. கூப்புடுறப்ப வந்தா போதும். நான் பாத்துக்கறேன்.”

“வெளியில வரல. நீ கொஞ்சம் உக்காரும்மா.”

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள். டீ வாசனை இல்லை. புது அட்டைப்பெட்டி வாசனைதான் அடித்தது. இலைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தமாதிரி ஒரே கறுப்பு. உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்ததும் வேர்வை பட்ட இடத்தில் ஆரஞ்சுக் கறை ஒட்டிக்கொண்டது. அவள் அலமாரியிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து, இரண்டிலும் குடத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். ஒன்றில் அவர் இலையைத் தூவினாள், மற்றொன்றில் தன்னுடையதை. அவர் இலை தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், செம்மண் நிறத்தில் நூல்நூலாகச் சாயம் கீழே இறங்கியது. அவளுடைய இலை சும்மா மிதந்துகொண்டிருந்தது. கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிற சோதனை இது.

அப்போதும் அவள் சண்டைக்குப் போகிற எண்ணத்தில் இல்லை. அந்த மனிதர் வயிற்றில் சாயம் போகவேண்டாம் என்றுதான் நினைத்தாள். வழக்கமான சொம்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, தன் இலையைப் போட்டு, தட்டால் மூடினாள். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. வடிகட்டி, குடிக்கிற பதத்துக்கு ஆற்றி, அவருடைய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். வேம்பு கொண்டுபோனாள்.

வேணுகோபால் கருவியைக்கூட மறந்துவிட்டு ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

“இதுதாங்க டீ. பூ வாசம் தெரியுதா? இது நம்ம இலையோட குணம். அரவிந்தா, குடிச்சுப் பாரு.”

“நல்லாருக்குப்பா” என்றான் அரவிந்தன், குடிக்காமலே.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவள் அப்படியே விட்டிருப்பாள். ஆனால் வேணுகோபால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த வேம்புவைப் பார்த்துச் சொன்னார்.

“பாத்தீங்களா, பொறுமையா சொல்லிக்குடுத்தா யாருக்கும் வரும். ஆயுசுக்கும் குப்பையவே குடிச்ச நாக்குக்கு முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்.”

வேம்பு “சரிங்க” என்றாள்.

அந்த “சரிங்க” தமிழ்மொழியின் காதில் விழுந்தது. அவள் இரண்டு கண்ணாடி டம்ளர்களையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். யாரும் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. அவள் வணக்கம் சொல்லிவிட்டு, தட்டை வேணுகோபாலின் முன்னால் வைத்தாள். ஒரு டம்ளர் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. மற்றொன்றில் தண்ணீர் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

“இது என்னம்மா, ஜூஸா?”

“இல்லைங்க. இது உங்க டப்பாவுல இருந்த இலை, பச்சைத் தண்ணியில போட்டது. பத்து நிமிஷம் ஆகுது. அது எங்க வூட்டு இலை.”

“நல்ல டீன்னா நெறம் வரத்தானம்மா செய்யும்.”

“சுடுதண்ணியில வரும். பச்சைத் தண்ணியில தொட்டவுடனே இப்படி எறங்காது. எறங்குனா அது டீ இல்லை, சாயம். உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறவரு என்னத்த எடுத்து வைக்கிறாருன்னு ஒருதடவ கேட்டுப் பாருங்க.”

வேணுகோபால் கோப்பையைப் பார்த்தார். “அப்ப நான் இப்பக் குடிச்சது?”

“அது எங்க இலைங்க. நல்லா கொதிக்க வச்சுத்தான் போட்டேன். டிகிரி பாக்கல.”

பச்சையம்மாள் சிவப்பு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேணுகோபால் தன் கருவியை எடுத்து, உதறி, மூடி போட்டுச் சட்டைப்பையில் செருகினார்.

“டீக்குப் பரீட்சை வைக்கவா நாங்க வந்தோம்? பொண்ணு ரொம்பப் படிச்சிருக்குது ராசாங்கம்.”

“மொழி, உள்ள போ” என்றார் ராசாங்கம்.

“போறேன்ப்பா. அம்மாகிட்ட மூணு தடவ பரீட்சை வச்சாங்கல்ல, அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கேசரி தொடப்படவில்லை. சுண்டல் கிண்ணம் ஒன்றுதான் காலியாக இருந்தது. கார் மறைகிறவரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்த ராசாங்கம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஒரு அரைமணி நேரம் பொறுத்துருக்கக் கூடாதா? கெடச்ச எடத்த ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு வுட்டுட்டா. இனி யாரு வருவா?”

மகளுக்குப் பதிலாக வேம்புதான் பேசினாள். ஆறிப்போன பால் டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுச் சொன்னாள்.

“மூணு தரம் என்னைய நடக்க வுட்டாரு அந்த ஆளு. மூணு தரமும் நீங்க பல்லக் காட்டுனீங்க. யாரும் வரலன்னா வராம போகட்டும்.”

ராசாங்கத்துக்கு இப்போது சிரிக்க வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து, டீப்பாயில் கிடந்த டம்ளர்களை எல்லாம் தானே எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவினார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அதைச் செய்து வேம்பு பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அரவிந்தன் போன் செய்தான். தமிழ்மொழி கல்லூரி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

“அன்னிக்கு நடந்தது சங்கடமாப் போச்சுங்க. அப்பா கொஞ்சம் அப்படித்தான், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிப்போம். அவரும் அந்தக் குன்னூர்க்காரர்கிட்ட சண்டை போட்டுட்டாரு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சாரி சொல்லிட்டா, நான் மத்ததெல்லாம் பேசிக்கறேன்.”

“அட்ஜஸ்ட் பண்ணிப்போம்னா யாருங்க?”

“வீட்டுல எல்லாரும்தான்.”

“உங்க வூட்டுல அந்த டீயத் தினமும் போடுறது யாரு?”

“அம்மாதான். அவங்களுக்கு அது பழகிடுச்சு. டைமர் எல்லாம் வச்சு கரெக்டாப் போட்டுருவாங்க.”

“அவங்க என்ன குடிப்பாங்க?”

எதிர்முனையில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

“அம்மாவா? டீயோ காபியோ… குடிப்பாங்கன்னுதான் நினைக்கிறேன். கேட்டுட்டுச் சொல்லட்டுமா?”

முப்பத்திரண்டு வயது. இரண்டு பட்டம் வாங்கிய மகன். அவள் சாலையோரமாக ஒதுங்கி நின்றாள்.

“எனக்குச் சொல்ல வேணாங்க” என்றாள். “ஆனா அவங்ககிட்டக் கேளுங்க.”

போனை வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். போகிற வழியில் கடையில் ஆறு முட்டை வாங்கிக்கொண்டாள்.