வீட்டுப் பக்கத்து ஆணி

வேனின் பின்கதவைத் திறந்து அம்சவள்ளியை இறக்கிக்கொண்டிருந்தபோதே தனுஷா வீட்டுக்குள் ஓடினாள். சடையன் மனைவியின் கால்மாட்டைப் பிடித்திருந்ததால் மகளைத் தடுக்க முடியவில்லை. உடலைக் கிடத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், சுவர்ப் பலகையில் அம்மாவின் படத்தை ஓர் ஆணியிலிருந்து எடுத்து இன்னோர் ஆணியில் மாட்டிவிட்டுக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடி பாவி மவளே, ஆத்தா செத்துக் கெடக்கறா, சிரிக்கிறியா நீ?" சடையனின் அக்கா பூமாலை அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அழ வந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வயதுக்கு வரப்போகிற பெண், பேச்சும் கிடையாது, இழவு வீட்டில் இப்படிச் சிரித்தால் பெற்றவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்? சடையனுக்கு அழுகைக்கு முன்னால் அவமானம்தான் வந்தது. ஆனாலும் அவள் ஏன் சிரிக்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பலகை அம்சவள்ளி செய்தது. பலாமரத் துண்டில் இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு பஸ், இரண்டுக்கும் கீழே ஆணிகள். அப்பா, அம்மா, தனுஷா என்று அட்டையில் ஒட்டி நூல் கட்டிய மூன்று படங்கள். வீட்டில் இருப்பவர் படம் வீட்டுப் பக்கம், வெளியே போனவர் படம் பஸ் பக்கம். வெள்ளிமலையில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு நடக்கும் சிறப்பு வகுப்பில், காலையில் போனதும் தன் படத்தைத் தானே மாட்டுவதுதான் முதல் வேலை. வீட்டிலும் அதேபோல வையுங்கள் என்று கோகிலவாணி டீச்சர் சொல்லியிருந்தார்.

சடையனுக்கு அந்த வகுப்பின்மேல் ஆரம்பத்திலிருந்தே கடுப்பு. சேர்த்த அன்று அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"எப்ப டீச்சர் பேசும்?"

"பேசும்னு நான் சொல்லமாட்டேங்க. தானா சாப்பிடும், பட்டன் போடும், வேணுங்கறத கைகாட்டும். யாரு போயிருக்காங்க, யாரு வருவாங்கன்னு தெரிஞ்சா பயப்படாது. அதுக்கு நான் பொறுப்பு."

வருஷம் ஒன்று ஓடியும் அவள் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. "ஆணில படம் மாட்டறதுக்கா தெனம் பஸ் ஏறி எறங்கிக்கினு கெடக்கற?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

"நீ மொளகு பறிக்க கேரளா போனா, செவுத்துல மண்டைய முட்டிக்கினே இருந்துச்சே, இப்ப முட்டுதா? உன் படத்த அந்தாண்ட மாட்டிட்டு, நீ வந்துடுவேன்னு இருக்குது. எனக்கு அது போதும்யா."

அவளுக்குப் போதும். அவனுக்கு 'அப்பா' என்று ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

காமாலை முற்றி அம்சவள்ளியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தனுஷாதான் இருவர் படத்தையும் பஸ் பக்கம் மாட்டினாளாம். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாளாம். பூமாலைதான் சொன்னாள்.

வெயில் ஏறுமுன் எடுத்துவிட்டார்கள். பாடை படியிறங்கியதும் தனுஷா இருவர் படத்தையும் மறுபடி பஸ் பக்கம் மாட்டிவிட்டாள். புதைத்து, ஓடையில் குளித்து, ஈரவேட்டியோடு சடையன் திரும்பியபோது தனுஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பஸ் பக்கத்திலிருந்து அவன் படத்தை எடுத்து வீட்டுப் பக்கம் மாட்டினாள். அம்மா படம் பஸ்ஸின் கீழேயே தொங்கியது.

சாவு வீட்டில் உலை வைக்கக்கூடாது என்று சாயங்காலம் பங்காளி வீட்டிலிருந்து சோறு வந்தது. தனுஷா தொடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்த எடுத்து இந்தாண்ட மாட்டுடா," என்றாள் பூமாலை. "வந்துட்டான்னு நெனச்சிக்கினு ரெண்டு வாயி துன்னட்டும். வுடிய வுடிய குந்திக்கினு கெடக்கும்போல இருக்குது."

சடையன் தயங்கினான். அந்தப் பலகை ஒருநாளும் அவளிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சின்ன முதுகை அதற்குமேல் பார்க்க அவனால் முடியவில்லை. எழுந்துபோய் அம்சவள்ளியை வீட்டுப் பக்கம் மாட்டினான்.

ஆணியில் அட்டை உரசிய சத்தத்துக்கே தனுஷா திரும்பிவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. அடுப்படியில் போய்ப் பார்த்தாள், கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தாள். ஆளைக் காணோம். திரும்ப வந்து படத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுப் பக்கம்தான். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அம்மாவின் தட்டை எடுத்துவந்து, காலையில் உடல் கிடந்த இடத்தில் வைத்துச் சோறு போட்டாள். சொம்பில் தண்ணீர் வைத்தாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தானும் சாப்பிட ஆரம்பித்தாள். நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி, உட்கார்ந்திருக்கிறவர் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்த்துச் சிரித்தாள்.

"யாத்தே, எனக்கு ஈரக்கொல நடுங்குது," என்று பூமாலை முந்தானையை வாரிக்கொண்டு தன் வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

சடையன் எங்கே போவான்? அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். அந்தத் தட்டைச் சுற்றிப் போகக் கால் வரவில்லை. சாகும்வரை அவனை அதட்டக்கூடத் தெரியாதவள் அம்சவள்ளி, அவளுக்குப் போய்ப் பயப்பட்டான். தனுஷா அம்மாவின் பாயையும் விரித்துப்போட்டு, வழக்கம்போல ஓரமாகச் சுருண்டு தூங்கிப்போனாள். பாயில் அம்மாவுக்கு இடம் விட்டிருந்தாள்.

காலையில் முதல் பஸ்ஸில் கோகிலவாணி டீச்சர் வந்தார். காய்ந்துபோன சோற்றைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"நான்தான் மாத்தி மாட்டிட்டேன்," என்றான் சடையன். "இப்ப எங்க டீச்சர் மாட்டறது? மூணாவதா ஒரு பக்கம் சொல்லிக்குடுக்கலியே நீங்க."

டீச்சர் தனுஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க வகுப்புலயும் ஒரு பையன் தவறிட்டாங்க. அவன் படத்த எங்க வெக்கறதுன்னு தெரியாம பீரோவுல போட்டுப் பூட்டிட்டேன். மத்த புள்ளைங்க ரொம்ப நாளு தேடுச்சுங்க." தனுஷாவின் தலையைக் கோதிக்கொடுத்தார். "எனக்கும் தெரியலீங்க. ஆளு எங்க இருக்காங்களோ படமும் அங்க இருக்கணும். அத மட்டுந்தான் இவளுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்."

சடையன் அம்சவள்ளியின் படத்தைக் கழற்றி மகள் கையில் கொடுத்தான். அவளைக் கூட்டிக்கொண்டு இடுகாட்டுப் பாதையில் இறங்கியபோது, "பொட்டப்புள்ளைய எங்கடா இட்டுக்கினு போற?" என்று பூமாலை கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை.

புதுமண்ணை நாய் கிளறாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். சடையன் மண்ணைத் தொட்டுக் காட்டினான். "அம்மா" என்றான். தனுஷா மண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சுற்றுமுற்றும் ஆணி தேடினாள். பிறகு குனிந்து, படத்தின் நூலை ஒரு முள்ளில் மாட்டினாள். கை தட்டவில்லை. புரிந்ததா இல்லையா என்று சடையனுக்குத் தெரியவில்லை.

அன்று பொழுது சாய்ந்தபோது அவள் வாசற்படிக்கு வரவில்லை. தன் தட்டை மட்டும் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள், கழுவிக் கவிழ்த்தாள்.

சடையன்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பாதையில் யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னால் ஆணியில் அட்டை உரசியது. திரும்பினான். தனுஷா அவன் படத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். எந்தப் பக்கம் மாட்டுவதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.