நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி காலை, பிள்ளையார்பாளையத்தில் தனசேகரன் வீட்டுக் கூடத்தில் காற்றின் ஈரப்பதம் நூற்றுப் பன்னிரண்டு சதவீதமாக இருந்தது. பத்து மணி வாக்கில் ஏழு கெண்டை மீன்கள் மின்விசிறிக்குக் கீழே நீந்திக்கொண்டிருந்தன. பக்கத்து வீடுகளில் அறுபத்து நான்கு சதவீதம்தான். அங்கே மீன் இல்லை.

தனசேகரன் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் வீட்டில் வைக்கும் வானிலைக் கருவி ஒன்றை வாங்கி, தினமும் காலை ஆறரைக்கு வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவந்தார். யாரும் படித்ததில்லை. நூற்றுப் பன்னிரண்டை மட்டும் தெருவே படித்தது. மீன்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை; ஈரப்பதம் நூறுக்கு மேல் எப்படிப் போகும் என்றுதான் கேட்டார்கள். எதிர்வீட்டுப் பொறியியல் பட்டதாரி விக்னேஷ் நேரில் வந்து, முகத்துக்கு நேரே வந்த மீனை ஒதுக்கிவிட்டு, சென்சாரின் துல்லியத்தை மேம்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனசேகரன் மேம்படுத்தினார். சோறு வடிக்கும் ஆவி படுகிறதோ என்று சென்சாரை அடுக்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். வெயில் படாமல் காற்று மட்டும் புகும்படி வெள்ளைத் தட்டுகளை அடுக்கி அதற்கு ஒரு கூடு செய்தார். கடைசியாக உப்புச் சோதனை. உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் சேறுபோலக் குழைத்து, சென்சாரோடு டப்பாவில் வைத்து இறுக மூடினால், ஒரு நாளில் உள்ளே இருக்கும் காற்று எழுபத்தைந்து சதவீதத்தில் வந்து நின்றுவிடும். சென்சாரும் எழுபத்தைந்து என்றது. ஒரு புள்ளிகூடப் பிசகில்லை. டப்பாவைத் திறந்தார், நூற்றுப் பன்னிரண்டு.

கருவி விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார். எடுத்த பெண் மிகுந்த பொறுமைசாலி.

“நூறுக்கு மேல ஈரப்பதமே கிடையாது சார்.”

“மீன் இருக்குதும்மா.”

“மீனுக்கு எங்க கிட்ட சென்சார் இல்ல சார்.”

மறுநாள் இணையம் வழியாக ஒரு திருத்தம் வந்தது. அதன்பின் கருவி நூறுக்கு மேல் காட்டவில்லை. குழுவில் நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். துல்லியம் மேம்பட்டுவிட்டது. மீன்கள் பதினொன்றாயின.

இந்த வெற்றியில் கலந்துகொள்ளாதவர் அவர் மனைவி நீலாம்பாள் ஒருவர்தான். கூடத்தை அடுத்த அறையில் அவருடைய தறி. பக்கத்துக் கிராமமான கூரத்துப் பெண் தேவிப்ரியாவின் முகூர்த்தப் புடவை முக்கால்வாசி நெய்தபடி அதில் இருந்தது. கல்யாணத்துக்குப் பதினாறே நாள். பாவு இழைகள் ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டின, பிரித்தால் அறுந்தன. அன்று காலையில் மட்டும் முப்பது இழைகளை முடிச்சுப் போட்டிருந்தார். மீன் ஒன்று ஜரிகையைக் கடித்துப் பார்த்தபோது தறியை விட்டு எழுந்து, கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்த கணவன் முன்னால் வந்து நின்றார்.

“மெஷின் கரெக்டா இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப வூடுதான் தப்பா இருக்குது. அத்த சரி பண்ணுங்க.”

முப்பத்தைந்து வருடம் ஆய்வகத்தில் இருந்தவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. டப்பாவுக்குள் என்ன வைத்தீர்கள் என்று நீலாம்பாள் கேட்டார். உப்பு என்றார். நான்கு மூட்டை கல்லுப்பு வந்தது. இருவரும் அதைத் தாம்பாளங்களில் குழைத்துத் தறியைச் சுற்றி வைத்தார்கள், ஜன்னல் இடுக்கையும் கதவிடுக்கையும் பழைய துணியால் அடைத்தார்கள். மறுநாள் மாலை தறியறைக் காற்று எழுபத்தைந்துக்கு வந்து நின்றது. உப்பு பிடிக்காத மீன்கள் கூடத்தோடு நின்றுகொண்டன. இழைகள் தனித்தனியாகப் பிரிந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையை வாசலில் நின்றே பார்த்துப் பழகிய தனசேகரன், இப்போது காலையும் மாலையும் உள்ளே போய்த் தாம்பாளங்களில் ஊறிய நீரை வடித்துப் புது உப்புச் சேர்த்தார். அப்படியே அறுந்த இழைகளை முடிச்சுப் போடவும் கற்றுக்கொண்டார். குழுவில் எண் போட மறந்துபோனார். அதை யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் பெண்ணின் தாய் ரேவதி புடவை வாங்கிப்போக வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, மடியில் பிரித்து, முந்தியை வெளிச்சத்தில் பிடித்தார். கெண்டை ஒன்று குறுக்கே நின்று துணிமேல் நிழல் விழுந்தது. அது நகரும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

“சாயம் போகாதுல்லமா?”

“போகாது” என்றார் நீலாம்பாள்.